ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எப்படிப் பிடிக்கிறது, எப்படி விடுகிறது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் ட்யூஷன் எடுக்கிறேன். சுவாசம் பாடம் வந்துவிட்டால் வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான். பிள்ளைகள் மட்டுமில்லை, அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள், தேவனாம்பட்டினத்தில் மீன் வாங்கப் போனால் அங்கே படகுக்காரர்கள், எல்லோரிடமும் இதில் கேட்க ஏதோ ஒன்று இருக்கிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகரும்.

மிஸ், ஆக்சிஜன் தண்ணியிலேயே கரையும்ல, அப்புறம் எதுக்கு ரத்தத்துக்கு ஹீமோகுளோபின்?

கரையும், ஆனால் போதாது. 100 மில்லி ரத்தத்தில் வெறுமனே கரைந்து போகிற ஆக்சிஜன் சுமார் 0.3 மில்லிதான். அதே 100 மில்லியில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், கிராமுக்கு 1.34 மில்லி வீதம், 20 மில்லி ஆக்சிஜன் ஏறிவிடும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்புக்கு நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜன் வேண்டும். இதயம் நிமிடத்துக்குத் தள்ளுவது 5 லிட்டர் ரத்தம். கரைந்ததை மட்டும் நம்பினால் அந்த 5 லிட்டரில் 15 மில்லிதான் போய்ச் சேரும். படுத்துக் கிடப்பதற்கே இதயம் இப்போது அடிப்பதைப்போல 16, 17 மடங்கு அடிக்க வேண்டியிருக்கும்.

ரத்தத்துல இரும்பு இருக்குன்னு சொல்றீங்க, ஆக்சிஜன் பட்டா அது துருப்பிடிக்காதா?

ரொம்பப் பிடித்த கேள்வி இது. துருப்பிடிக்கத்தான் பார்க்கும். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு புரதச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம், ஒவ்வொரு ஹீமின் நடுவிலும் ஒரு இரும்பு அணு. அந்த இரும்பு ஃபெரஸ் நிலையில் இருக்கும்வரைதான் ஆக்சிஜன் வந்து ஒட்டும், பிறகு கழன்று போகும். ஃபெரிக் நிலைக்கு, அதாவது இன்னொரு எலக்ட்ரானையும் இழந்த துருவின் நிலைக்குப் போய்விட்டால், அந்த ஹீம் ஆக்சிஜனைத் தொடாது. அப்படி ஆனதற்கு மெத்ஹீமோகுளோபின் என்று பெயர். ஹீமைச் சுற்றிப் புரதம் மடிந்து ஒரு பொந்து மாதிரி மூடியிருப்பதால் இந்த மாற்றம் மெதுவாகத்தான் நடக்கிறது. மீறி மாறுவதைத் திருப்பிச் சரிசெய்ய சிவப்பணுவுக்குள் ஒரு நொதியும் இருக்கிறது. ஆரோக்கியமான ஆளிடம் மெத்ஹீமோகுளோபின் 1 சதவீத அளவில்தான் இருக்கும்.

நைட்ரைட் உடம்புக்குள் போனால் இந்தச் சமநிலை உடைந்துவிடும். உரம் இறங்கின கிணற்றுத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான், அந்தத் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட் குடலில் நைட்ரைட்டாக மாறும். நன்னீர் மீன் குட்டைகளிலும் நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் சாக்லேட் நிறமாகிவிடும், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். அப்போது குட்டையில் உப்புப் போடுவார்கள். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கிறது.

நல்லா இறுக்கிப் பிடிக்கிற ஹீமோகுளோபின்தானே நல்ல ஹீமோகுளோபின்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இறுக்கிப் பிடித்து விடவே விடாத ஹீமோகுளோபின், ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு அப்படியே நுரையீரலுக்குத் திரும்பி வந்துவிடும், தசைக்கு ஒன்றும் கிடைக்காது. ஆக்சிஜன் நிறைய இருக்கிற இடத்தில் பிடிக்கவும் வேண்டும், குறைவாக இருக்கிற இடத்தில் விடவும் வேண்டும்.

எண்ணிக்கையில் பார்ப்போம். நுரையீரலை விட்டு வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம், அங்கே ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிறைந்திருக்கும். ஓய்வாக இருக்கும் திசுவில் அழுத்தம் 40, அங்கே 75 சதவீதம். அதாவது நாலில் ஒன்றைத்தான் இறக்கி வைக்கிறது. கடுமையாக உழைக்கும் தசையில் அழுத்தம் 20க்கு இறங்கினால், நிறைவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். 100லிருந்து 40க்கு இறங்கும்போது போனது கொஞ்சம், 40லிருந்து 20க்கு இறங்கும்போது போனது நிறைய. படுக்கைக் கோட்டில் அழுத்தத்தையும் நிலைக்கோட்டில் நிறைவையும் வைத்து வரைந்தால் வரும் வளைவு எஸ் வடிவத்தில் இருப்பதன் பலன் இதுதான்.

அந்த வடிவம் எப்படி வருகிறது என்றால், நான்கு சங்கிலிகளும் தனித்தனியாக வேலை செய்வதில்லை. ஆக்சிஜன் இல்லாதபோது மூலக்கூறு இறுகிய வடிவத்தில் இருக்கும், முதல் ஆக்சிஜன் ஏறுவது கஷ்டம். ஒன்று ஏறினதும் சங்கிலிகள் லேசாக நகர்ந்து தளர்ந்த வடிவத்துக்குப் போகின்றன, அடுத்தடுத்து ஏறுவது சுலபமாகிறது. இறங்கும்போதும் அப்படித்தான், ஒன்று போனால் மற்றவையும் போகத் தயாராகும். மாக்ஸ் பெரூட்ஸ் எக்ஸ்ரே படிகவியலில் பல வருஷம் உழைத்து இந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடித்தார், 1962ல் அதற்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பாதி நிறைவதற்குத் தேவையான அழுத்தத்துக்குப் பி50 என்று பெயர், மனிதருக்கு 26, 27. இந்த எண் குறைந்தால் பிடி இறுக்கம், கூடினால் பிடி தளர்வு. இனி வரும் பதில்களிலெல்லாம் இது வரும்.

சூரை மீன் கறி அவ்ளோ சிவப்பா இருக்கே, அது ரத்தமா?

ரத்தம் இல்லை, தசைக்குள்ளேயே இருக்கும் மயோகுளோபின். நாலு சங்கிலி இல்லை, ஒன்றே ஒன்று, அதனால் எஸ் வடிவமும் இல்லை. பி50 2, 3 அளவில்தான், ஹீமோகுளோபினைவிட ரொம்ப இறுக்கமான பிடி. ஹீமோகுளோபின் கொண்டுவந்து இறக்குவதை வாங்கித் தசைக்குள் வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. சூரை நிற்காமல் நீந்துகிற மீன் என்பதால் நிறைய வைத்திருக்கிறது. கறி நேரமாக ஆகப் பழுப்பாவது, இரண்டாவது பதிலில் சொன்ன அதே ஃபெரிக் மாற்றம் மயோகுளோபினில் நடப்பதால்.

திமிங்கிலங்கள் ஒரே மூச்சில் அத்தனை ஆழம் போவதற்கும் இது ஒரு காரணம். செய்திகளில் அம்பர் கடத்தல் என்று வருமே, அந்த அம்பரைத் தரும் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தசையில் மயோகுளோபின் மண்டிக் கிடக்கும். முதன்முதலாக வடிவம் கண்டுபிடிக்கப்பட்ட புரதமே அந்தத் திமிங்கிலத்தின் மயோகுளோபின்தான், 1958ல் ஜான் கெண்ட்ரூ செய்தார். பெரூட்ஸோடு பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

ஓடுற காலுக்கு அதிகமா கொடுக்கணும்னு ஹீமோகுளோபினுக்கு யார் மிஸ் சொல்றது?

அந்தக் காலே சொல்கிறது. உழைக்கும் தசையில் கார்பன் டை ஆக்சைடு கூடும், அமிலம் கூடும், சூடும் கூடும். மூன்றுமே ஹீமோகுளோபினை இறுகிய வடிவத்தின் பக்கம் தள்ளுகின்றன, அதாவது ஆக்சிஜனை விட வைக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு இப்படிச் செய்வதை 1904ல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர், ஹாசல்பால்க், குரோக் மூவரும் சேர்ந்து காட்டினார்கள், போர் விளைவு என்று புத்தகத்தில் இருப்பது அதுதான். அணு மாதிரிக்குப் பெயர்போன நீல்ஸ் போரின் அப்பாதான் இந்தப் போர், பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒருவரென்று எழுதிவிடுகிறார்கள்.

இன்னொரு ஆளும் உண்டு, பிஸ்பாஸ்போகிளிசரேட், சுருக்கமாக பிபிஜி. சிவப்பணுவுக்குள்ளேயே தயாராகும் இது, இறுகிய வடிவத்தின் நடுவிலுள்ள இடைவெளியில் போய் உட்கார்ந்து அந்த வடிவத்தை நிலைநிறுத்தும். பிபிஜி கூடினால் பிடி தளரும். அடுத்த சில பதில்களுக்கு இது வேண்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர்ல 98 காட்டுது, ஆனா ரத்த டெஸ்ட்ல ஹீமோகுளோபின் 8தான்னு வந்திருக்கு. எதை நம்பறது டீச்சர்?

இரண்டையும். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு அந்த மீட்டர் இருக்கிறது, 98 பார்த்துவிட்டு ரத்தசோகை இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள், அது தப்பு. மீட்டர் சொல்வது சதவீதம் மட்டும்தான். துறைமுகத்திலிருந்து பத்துப் படகு போய்ப் பத்தும் நிறைய மீனோடு வந்தாலும் நூறு சதவீதம்தான், ஐந்து படகு மட்டும் போய் ஐந்தும் நிறைந்து வந்தாலும் நூறு சதவீதம்தான், ஆனால் ஏலத்துக்கு வந்த மீன் பாதி. ஹீமோகுளோபின் 8 என்றால் 100 மில்லி ரத்தம் சுமப்பது கிட்டத்தட்ட 11 மில்லி ஆக்சிஜன், முதல் பதிலில் சொன்ன 20இல் ஏறக்குறைய பாதி.

அப்படியிருந்தும் சிலர் 8ஐ வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறார்கள், எப்படி? ரத்தசோகை மெதுவாக வந்தால் பிபிஜி கூடுகிறது, இருப்பதிலிருந்து இன்னும் கொஞ்சம் அதிகமாக இறக்கி வைக்கிறது, இதயமும் கூடுதலாக அடிக்கிறது. உடம்பு சமாளிக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே (நடு மூன்று மாதத்தில் மட்டும் 10.5க்குக் கீழே) போனாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜெனரேட்டர் புகையில மயங்கினவருக்கும் மீட்டர் நல்லாத்தானே காட்டுச்சு?

காட்டும், அதுதான் ஆபத்து. கார்பன் மோனாக்சைடு ஹீமில் ஆக்சிஜன் உட்காரும் அதே இடத்தில், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்காரும். அப்படி ஆன ஹீமோகுளோபினும் நல்ல சிவப்பாகவே இருப்பதால் சாதாரண மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது.

கெடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. நான்கில் இரண்டு இடத்தில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்தால் மூலக்கூறு தளர்ந்த வடிவத்திலேயே நின்றுவிடும், மீதி இரண்டு இடத்தில் இருக்கும் ஆக்சிஜனும் திசுவில் கழலாது. ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்த ரத்தசோகைக்காரர் நடமாடுகிறார், பாதி ஹீமோகுளோபினில் கார்பன் மோனாக்சைடு ஏறியவர் உயிருக்குப் போராடுகிறார், காரணம் இதுதான். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்துவிட்டுப் போனபின் நம் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அடுத்த புயலுக்கும் ஜெனரேட்டர் வரும், அதை வீட்டுக்குள்ளோ மூடின வராந்தாவிலோ வைக்காதீர்கள், எரியும் கரி அடுப்பையும் மூடின அறையில் வைக்காதீர்கள்.

வயித்துல இருக்கிற குழந்தை மூச்சே விடலை, அதுக்கு எப்படி ஆக்சிஜன் போகுது?

அம்மாவின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக. இரண்டு ரத்தமும் கலப்பதில்லை, மெல்லிய சுவரின் இரு பக்கமும் ஓடுகின்றன. அங்கே அம்மாவின் ஹீமோகுளோபின் விடும் அழுத்தத்தில் குழந்தையின் ஹீமோகுளோபின் பிடிக்க வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பரிமாற்றம் தடுமாறும். அதனால் சிசுவிடம் பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா சங்கிலி இருக்கிறது. பிபிஜி ஒட்டும் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் செரின், அவ்வளவுதான் முக்கிய மாற்றம். பிபிஜி சரியாக ஒட்டாது, பிடி தளராது, பி50 20 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

பிறந்த பிறகு கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் பெரியவர்களின் ஹீமோகுளோபினாக மாறிவிடும். அரிவாள் செல் நோயுள்ள குழந்தைக்குப் பிறந்த சில மாதங்கள் தொந்தரவு தெரியாமல் இருப்பதும் இதனால்தான், நோய் இருப்பது பீட்டா சங்கிலியில்.

ஆடு, மாட்டுக்கும் இதேதானா என்று கேட்பார்கள். வேலை அதேதான், வழி வேறு. அவற்றின் சிவப்பணுவில் பிபிஜி மிகக் குறைவு. வளர்ந்த ஆட்டின் ஹீமோகுளோபின் தன் இயல்பிலேயே தளர்வாகப் பிடிக்கும், குட்டியின் ஹீமோகுளோபின் இயல்பிலேயே இறுக்கமாகப் பிடிக்கும்.

கூந்தன்குளம் வர்ற வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருதாமே, அதுக்கு மட்டும் மூச்சு முட்டாதா?

திருநெல்வேலி கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் அந்த வாத்துகள் மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரிப்பவை. கருவி கட்டிப் பின்தொடர்ந்ததில் 7,000 மீட்டருக்கு மேலும் பறந்திருக்கின்றன. 5,500 மீட்டரிலேயே காற்றழுத்தம் பாதியாகிவிடும். அங்கே பிரச்சினை விடுவதில் இல்லை, பிடிப்பதில். அந்த வாத்தின் ஆல்ஃபா சங்கிலியில் 119வது இடத்தில் புரோலினுக்குப் பதில் அலனின் இருக்கிறது, இந்த ஒரு மாற்றத்தால் பக்கத்துப் பீட்டா சங்கிலியோடு இருந்த ஒரு தொடர்பு அறுந்து, ஆக்சிஜனை விட வைக்கும் அந்த இறுகிய வடிவம் பலவீனமாகிறது, அதனால் பிடி இறுகுகிறது. ஆண்டீஸ் மலை வாத்திலும் அதே தொடர்புதான் அறுந்திருக்கிறது, ஆனால் அங்கே மாற்றம் எதிர்ப்பக்கம், பீட்டா சங்கிலியின் 55வது இடத்தில். வேறு வேறு கண்டத்தில் வாழும் இரண்டு பறவைகள் ஒரே முடிச்சை இரண்டு முனையிலிருந்தும் அவிழ்த்திருக்கின்றன, எத்தனை முறை சொல்லித் தந்தாலும் எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது. ஹீமோகுளோபின் மட்டும் காரணம் இல்லை, பெரிய நுரையீரல், தசையில் நெருக்கமான தந்துகிகள், எல்லாம் சேர்ந்துதான்.

மலை ஏறும் மனிதருக்கு பிபிஜி கூடுகிறது, பிடி தளர்கிறது. மிதமான உயரத்தில் அது உதவலாம், மிக உயரத்தில் நுரையீரலிலேயே ஏற்ற முடியாமல் போகும்போது அது பாதகம். மலையிலேயே பரம்பரையாக வாழும் லாமாவுக்கு இறுக்கமான பிடிதான் இருக்கிறது.

விரால் சேத்துலயே உயிரோட கிடக்குது, சூரை வலையில ஏறினதும் செத்துப்போவுது, ஏன் டீச்சர்?

சூரை வாயைத் திறந்துகொண்டு நீந்தினால்தான் செவுள் மேல் தண்ணீர் ஓடும், நின்றால் மூச்சும் நின்றது. அது வாழ்வது ஆக்சிஜன் நிறைந்த திறந்த கடலில். விராலுக்குத் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றிலிருந்து நேராக ஆக்சிஜன் எடுக்கும் அறை இருக்கிறது. மேலே வந்து காற்று எடுக்க விடாமல் தடுத்தால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும், இது பலருக்குத் தெரியாது.

கெண்டை மாதிரி மீன்கள் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரை வேறு விதமாகச் சமாளிக்கின்றன. பொதுவாகவே இறுக்கமான பிடி, அதற்கு மேல் ஒரு வசதி. மீன்களுக்கு பிபிஜி வேலையை ஏடிபி, ஜிடிபி என்ற, செல்லில் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறுகள் செய்கின்றன. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணுவுக்குள் அவற்றைக் குறைத்துக்கொள்ளும், பிடி இன்னும் இறுகும். போன பதிலில் மனிதர் செய்ததற்கு நேர் எதிர், எனக்கு மீன் செய்வதுதான் சரியாகப் படுகிறது.

ஆழத்துல பிடிச்ச மீன் மேல வரும்போது வாய் வழியா பை தள்ளிக்கிட்டு வருதே, அந்தப் பையில காத்தை யார் அடைச்சது?

ஹீமோகுளோபின்தான் அடைத்தது. மீனின் காற்றுப்பையில் இருக்கும் வாயுவில் பெரும்பகுதி, ஆழத்தில் வாழும் மீன்களில், ஆக்சிஜன். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், 200 மீட்டரில் 21 வளிமண்டலம். அவ்வளவு அழுத்தத்துக்கு எதிராக ரத்தத்திலிருந்து பைக்குள் ஆக்சிஜனைத் தள்ள வேண்டும்.

பைச் சுவரில் உள்ள சுரப்பி லாக்டிக் அமிலத்தை விடுகிறது. நமக்கு அமிலம் பட்டால் பிடி தளரும், அவ்வளவுதான். பல மீன்களின் ஹீமோகுளோபினோ அமிலத்தில் எத்தனை அழுத்தம் கொடுத்தாலும் முழுசாக நிறையாது, ஆக்சிஜனை உதறிவிடும். 1931ல் இதை விவரித்தவர் பெயரில் ரூட் விளைவு என்கிறோம். உதறிய ஆக்சிஜன் ரத்தத்தோடு திரும்பிப் போய்விடாமல், எதிரெதிராக ஓடும் நுண்குழாய்க் கற்றை ஒன்று அதைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். மீனை வேகமாக மேலே இழுத்தால் வெளி அழுத்தம் குறையும், காற்றுப்பை ஊதி வயிற்றை வாய் வழியாக வெளியே தள்ளும், வாயில் பை மாதிரித் தெரிவது பெரும்பாலும் அந்த வயிறுதான்.

நண்டு, கணவாய், இறாலுக்கு ரத்தமே இல்லையா? வெட்டினா சிவப்பா வரலையே.

ரத்தம் உண்டு, ஹீமோகுளோபின் இல்லை. அவற்றிடம் இருப்பது ஹீமோசயனின், இரும்புக்குப் பதில் செம்பு, ஒரு ஆக்சிஜனைப் பிடிக்க இரண்டு செம்பு அணுக்கள். ஆக்சிஜன் ஏறினால் நீலம், இறங்கினால் நிறமில்லை. செல்லுக்குள் இல்லாமல் ரத்தத்திலேயே மிதக்கும், சுமக்கும் அளவும் நம் ரத்தத்தைவிட வெகு குறைவு. இறால் குட்டையில் விடியற்காலை ஏரேட்டர் நின்றால் ஏன் அவ்வளவு பதறுகிறார்கள் என்பது இப்போது புரியும், பாசியும் இறாலும் ராத்திரி முழுக்க ஆக்சிஜனைத் தின்றிருக்கும், இறாலின் ரத்தத்தில் கையிருப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

மண்புழுவுக்குச் சிவப்பு ரத்தம் உண்டு, அதன் ஹீமோகுளோபின் 144 சங்கிலிகள் சேர்ந்த ராட்சச மூலக்கூறு, அதுவும் மிதக்கிறது.

மல்லாட்டை வேர் முடிச்சை நசுக்கினா உள்ள ரோஸ் கலரா இருக்கு, செடிக்கும் ரத்தமா?

விருத்தாசலம் பக்கத்துப் பையன் ஒருவன் கேட்டது, மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். அது லெக்ஹீமோகுளோபின், ஹீமோகுளோபினின் உறவு. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிறது, அந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், ஆனால் பாக்டீரியா சுவாசிக்க ஆக்சிஜனும் வேண்டும். லெக்ஹீமோகுளோபின் மிக இறுக்கமாகப் பிடித்து, தனியாக அலையும் ஆக்சிஜனை மிகக் குறைவாக வைத்துக்கொண்டே தேவையான அளவைக் கைமாற்றிவிடுகிறது. உள்ளே ரோஸாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது, பச்சையாகிவிட்டால் ஓய்ந்துவிட்டது.

ஹீமோகுளோபினே இல்லாத மீன் இருக்காமே, உண்மையா?

உண்மை, அண்டார்டிக் கடலின் பனிமீன்கள். முதல் கேள்விக்கு மறுபடி போங்கள், கரைந்த ஆக்சிஜன் நமக்குப் போதாது என்றேன். பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே இருக்கும் அந்தக் கடலில் ஆக்சிஜன் நிறையக் கரையும், அந்த மீனின் தேவையும் குறைவு. ரத்தம் நிறமில்லாமல் இருக்கும், பெரிய இதயம், உடல் அளவுக்கு மிக அதிகமான ரத்தம், அகலமான குழாய்கள். 1954ல் நார்வேயின் யோகான் ரூட் இதை ஆராய்ந்து எழுதினார், ரூட் விளைவின் ரூட் வேறு ஆள். இது நல்லதுக்காக வந்த மாற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை, அந்த இதயம் ஓயாமல் அத்தனை ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. மரபணு தொலைந்துபோயிற்று, குளிர் அதை மன்னித்தது. கடல் சூடானால் முதலில் தவிப்பவை இவைதான்.

எலிக்கும் யானைக்கும் வளைவு போட்டு எது எதுன்னு கேட்டா எப்படி மிஸ் கண்டுபிடிக்கிறது?

வலப்பக்கம் தள்ளி இருப்பது எலி. சின்ன உடம்புக்கு கிராம் கணக்கில் ஆக்சிஜன் தேவை மிக அதிகம், அதனால் சீக்கிரம் விடுகிற, பி50 கூடுதலான ஹீமோகுளோபின். யானைக்கு மனிதரைவிடவும் கொஞ்சம் இடப்பக்கம். ஆனால் உடம்பு அளவை மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள், கேள்வியில் அந்த விலங்கு எங்கே வாழ்கிறது என்றும் பாருங்கள். மண்ணுக்குள் வளை தோண்டி, ஆக்சிஜன் குறைந்த காற்றிலேயே காலம் தள்ளும் சின்ன விலங்கென்றால், எலி அளவே இருந்தாலும் வளைவை இடப்பக்கம் போடுங்கள்.